143 லைக், விற்றது 2 பிரதி

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஃபேஸ்புக் மட்டும் இல்லாவிட்டால் என் கடைசிச் சிறுகதைத் தொகுப்பின் 300 பிரதிகளும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும் என்று. இலக்கியம் பற்றி நான் மெனக்கெட்டு எழுதிய மற்ற பதில்களை யாரும் சட்டைசெய்யவில்லை. இந்த ஒரு வரிக்குக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அனுப்பியவர்களில் பாதிப்பேர் எழுதுகிறவர்கள், மீதிப்பேர் எழுதப்போகிறவர்கள். பெயர் போட வேண்டாம் என்று மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரையுமே போடவில்லை, ஊர் மட்டும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி: கோவில்பட்டிக்காரி, வயது 66, அஞ்சலகத்தில் வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றவள், நான்கு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை நம்பி எதையும் வாங்கிவிடாதீர்கள்.

எனக்கு 61 வயது. கையால் எழுதித்தான் பழக்கம். தமிழில் டைப் செய்யத் தெரியாமல் இந்தப் பக்கம் வரவே முடியாதா?
– திண்டுக்கல் வாசகர்

வரலாம். ஓய்வு பெற்ற மறு மாதம் என் தங்கை மகன் போனில் குரல்வழித் தட்டச்சைக் காட்டிக்கொடுத்தான். நாம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். கூகுள் 2017-இல் தமிழுக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டது. செய்தி வாசிப்பதுபோல நிறுத்திப் பேசினால் பிழை குறைவு. நானோ கரிசல்காட்டுக்காரி. தீப்பெட்டி ஆபீஸைப் பற்றி ஒரு கதை சொல்ல உட்கார்ந்து, "மருந்து முக்குகிற இடத்தில் அம்மா நின்றாள்" என்றேன். "மருந்து மூக்கு" என்று எழுதிக் காட்டியது. முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்றும் அதற்குத் தெரியவில்லை. திருத்தி முடிக்க ஆன நேரத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை கையால் எழுதியிருப்பேன்.

அதன்பிறகு தமிழ்99 விசைப்பலகைக்குப் போனேன். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 விசைகள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. இதில் ஒரு வித்தை இருக்கிறது: ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் தமிழைக் காதால் கேட்டவர்கள் என்று தோன்றியது. தினமும் அரை மணி நேரம் பழகினேன். பதினோராம் நாள் தங்கை மகனுக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் அடித்து அனுப்பினேன். அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். இந்த உலகத்தின் மரியாதை எவ்வளவு என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பழைய கதைகள் டி.டி.பி. கடைக்காரரிடம் பழைய எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கிறுக்கலாகத்தான் தெரியும். எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற யுனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு 'ஔ' வரும் இடங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஔவையார், 'ஒ' தனியாக 'ள' தனியாகப் பிரிந்து நிற்பார்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப்: எல்லாவற்றிலும் இருந்தே தீர வேண்டுமா?
– திருப்பூர் வாசகி

ஐந்து கடைக்கு ஓர் ஆள் எப்படி உட்கார முடியும்? எல்லாவற்றிலும் ஒரு கணக்குத் தொடங்கி, மூன்றைப் பூட்டியவள் சொல்கிறேன்.

எக்ஸில் ஒரு பதிவுக்கு 280 எழுத்து என்கிறார்கள். யார் எண்ணிய எழுத்து? 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து, அதன் கணக்கில் 7. புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணிக்கொள்கிறது. தந்திக்குச் சொல் எண்ணிக் காசு வாங்கியவள் நான். நாங்கள்கூட புள்ளிக்குக் காசு கேட்டதில்லை.

இன்ஸ்டாகிராமில் இளவயதுக்காரர்கள் அதிகம். அங்கே படம் பேச வேண்டும். ஆறு மாதம் ஒவ்வொரு படத்துக்கும் கீழே புத்தகம் வாங்கும் லிங்கைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த இடத்தில் லிங்கைத் தொட்டால் திறக்காது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. நம் பெயருக்குக் கீழே இருக்கும் முகப்புக் குறிப்பில் போட்டால்தான் திறக்கும். யூடியூபில் இரண்டு கதைகளை வாசித்துப் பதிவு செய்தேன். இரண்டிலும் பக்கத்து வீட்டு மிக்ஸி நன்றாகக் கேட்கிறது.

எனக்கு வாய்த்த வாசகர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள், அதனால் நானும் அங்கே இருக்கிறேன். உங்கள் வாசகர்கள் கல்லூரி மாணவிகள் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். ஃபேஸ்புக்கில் நண்பர் எண்ணிக்கைக்கு 5,000 என்று உச்சவரம்பு உண்டு. கேட்கிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால், உண்மையான வாசகர் வந்து கதவைத் தட்டும்போது இடம் இருக்காது.

வாட்ஸ்அப்பைக் குறைவாக எடைபோடாதீர்கள். அதில் ஒரே தகவலை 256 பேருக்கு அனுப்பும் பட்டியல் ஒன்று உண்டு. வாங்குகிறவருக்குத் தனிக் கடிதம்போலவே போய்ச் சேரும். ஒரு சிக்கல், உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். நான் இப்போது அனுப்புகிற ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன்: "அடுத்த புத்தகம் வரும்போது தெரிய வேண்டுமானால் என் எண்ணைப் பெயரோடு சேமித்துக்கொள்ளுங்கள்."

தொகுப்பு வெளிவந்த அன்றே அட்டைப்படம், விலை, லிங்க் எல்லாம் ஃபேஸ்புக்கில் போட்டேன். 143 லைக், 61 'வாழ்த்துகள்'. விற்றது 2 பிரதி. அதில் ஒன்று என் மைத்துனர் வாங்கியது. எங்கே தப்பு?
– தஞ்சாவூர் வாசகர்

உங்கள் மைத்துனர் நல்லவர். என் வீட்டில் அப்படி ஒருவர்கூட இல்லை.

2020 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சிக்கு என் மூன்றாம் தொகுப்பு வந்தது. நானும் இதையேதான் செய்தேன். அதுவும் ஒரு நாள் அல்ல, ஏழு நாள். அதே அட்டை, அதே விலை, அதே லிங்க். ஏழாம் நாள் என்னோடு வேலை பார்த்த தபால்காரத் தம்பி கீழே எழுதினார்: "அக்கா, பார்த்துவிட்டேன்." அவர் கேலியாகச் சொன்னாரா பணிவாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. எட்டாம் நாள் நிறுத்திவிட்டேன். அட்டைப்படம் நமக்குப் பிள்ளை பிறந்த சேதி. பார்க்கிறவர்களுக்கு அது யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டில். வாழ்த்திவிட்டுப் போகத்தான் செய்வார்கள், வளர்க்கவா வருவார்கள்?

அதன்பிறகு இரண்டு வருடம் போல நான் எதையும் விற்கவில்லை. 2021 டிசம்பர் 1 வந்தது. அன்றைக்குத்தான் 14 வருடங்களுக்குப் பிறகு தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. எங்கள் ஊருக்கு அது பெரிய செய்தி. காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அப்படியே நாற்காலியை இழுத்துப்போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினாள். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதனால் அவள் நகக்கண்ணில் எந்நேரமும் லேசாக நீலம் இருக்கும். பசைக் கையை வாயில் வைக்கக் கூடாது என்று எங்களுக்குத் தினமும் எச்சரிக்கை. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ், கூலி குரோஸ் கணக்கில். பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கச் சொல்லித்தான் எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பன்னிரண்டு பன்னிரண்டு எவ்வளவு என்று கேட்டதற்கு நான் "ஒரு குரோஸ்" என்று சொல்லி அடி வாங்கினேன். இவ்வளவுதான் எழுதியது, இருபது வரி இருக்கும். என்னிடம் இருந்த பழைய லேபிள் ஒன்றைப் படம் பிடித்துக் கூடவே போட்டேன். புத்தகம் என்ற வார்த்தையே அதில் இல்லை.

மறுநாள் மாலைக்குள் நானூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒவ்வோர் அம்மா வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒருவர் தன் அக்கா தீக்குச்சிக் கட்டை அடுக்கியதை எழுதினார். இன்னொருவர் அவர் வீட்டில் தாத்தாவும் சேர்ந்து ஒட்டியதை எழுதினார். நான் மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை, எல்லாருக்கும் பதில் எழுதினேன். 'நன்றி' என்று எழுதி முடிக்காமல், ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் ஊரில் குரோஸுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்கு வண்டி வரும், பசைக்கு யார் காசு கொடுத்தது என்று. நான்காம் நாள் ஒரு பெண் கேட்டார்: "இதையெல்லாம் கதையாக எழுதியிருக்கிறீர்களா?" அப்போதுதான் தொகுப்பின் பெயரைச் சொன்னேன். அந்த வாரத்தில் 38 பிரதிகள் போயின.

அதனால், தஞ்சாவூர்க்காரரே, உங்கள் தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் கதைக்கு வெளியேயும் உயிரோடு இருக்கிற பொருள் எது என்று பாருங்கள். ஒரு வாய்க்கால், ஒரு வாத்தியக்காரர், ஒரு கடை. அதைப் பற்றிப் புதிதாக எழுதுங்கள். லிங்கைப் பிறகு கேட்கிறவருக்குக் கொடுங்கள். வாழ்த்துச் சொன்ன 61 பேரில் பத்துப் பேரையாவது உங்களுக்கு நிஜமாகத் தெரியும், அவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஐம்பது பேரை டேக் செய்து மட்டும் போட்டுவிடாதீர்கள். அடுத்தவர் வீட்டுச் சுவரில் நம் போஸ்டரை ஒட்டினால் அவர் கிழிக்கத்தான் செய்வார்.

கதையை முழுதாகவே ஃபேஸ்புக்கில் போட்டால் என்ன?
– கோயம்புத்தூர் வாசகி

போட்டால் பத்திரிகைகள் பெரும்பாலும் அதை எடுத்துக்கொள்ளாது, ஏற்கெனவே வெளிவந்தது என்பார்கள். அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் போடுவதாக இருந்தால் இன்னொரு சங்கதி உண்டு. 2016 டிசம்பரிலிருந்து அங்கே தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனால் 'கேடிபி செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்த்தால், 90 நாளைக்கு அந்தப் புத்தகம் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு ஒரு பத்து சதவீதம் காட்டலாம், அவ்வளவுதான். சேரும்போது ஒரு பெட்டியில் டிக் செய்யச் சொல்வார்கள். அதை நம்மில் பலர் படிக்காமலே டிக் செய்கிறோம்.

என் காரணம் வேறு. ஒரு கதையை மனதில் ஊறப்போட்டிருந்தேன். கிணற்றடியில் பேசிக்கொள்கிற இரண்டு பெண்கள். ஒருநாள் ஆசை தாங்காமல் அதன் முக்கியமான இடத்தைப் பத்து வரியில் பதிவாகப் போட்டுவிட்டேன். ஏகப்பட்ட பாராட்டு. அதற்குப் பிறகு அந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நான்கு வருடமாக வரவில்லை.

வாசகர் பணம் அனுப்பிவிட்டார், புத்தகத்தை எப்படி அனுப்புவது? கூரியருக்குக் கொடுத்தால் புத்தக விலையில் பாதி போய்விடுகிறது.
– நாமக்கல் வாசகர்

அப்பாடா, எனக்குத் தெரிந்த பாடம்.

முகவரியை எழுத்தாகவே அனுப்பச் சொல்லுங்கள். பலர் ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. பின்கோடும் போன் எண்ணும் கட்டாயம். 1972 சுதந்திர தினத்தன்று வந்தது பின்கோடு, ஆறே இலக்கம். இன்னும் அதை எழுதாமல் 'பெரிய கோவில் அருகில்' என்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரிய கோவில் இல்லாத ஊர் எது?

பொட்டலம் கட்டும்போது முதலில் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் அட்டை, அதற்கும் மேல் காக்கித்தாள். நான்கு மூலைக்கும் டேப் ஒட்டுங்கள். புத்தகம் எப்போதும் மூலையில்தான் அடிபடும். முகவரியின் மேல் கண்ணாடி டேப்பை ஒட்டிவிட்டால் மழைக்கு மை கரையாது.

கட்டணத்துக்கு வருகிறேன். முன்பு நாமெல்லாம் பயன்படுத்திய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் புத்தகத்துக்கென்று தனிச் சேவை வந்திருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். கவுண்டரில் இன்றைய கட்டணத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலம் எங்கே போகிறது என்று பார்க்க எண் தருவார்கள். அந்த ரசீதைப் படம் பிடித்து அன்றே வாசகருக்கு அனுப்பிவிடுங்கள். "வந்ததா?" "வரவில்லையே?" என்ற போன் பாதியாகக் குறையும். தரைவழிப் பயணம் என்பதால் நாலு நாள் கூடக்குறைய ஆகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பெயரைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். 'அன்புத் தங்கை செல்விக்கு' என்று உருகி உருகி எழுதி அனுப்பினேன். வாங்கியவர் செல்வம், மின்வாரியத்தில் வேலை.

பெண்ணாக இருந்து எழுதினால் இன்பாக்ஸில் கண்டதும் வருகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– மதுரை வாசகி

என் வயதுக்கும் வருகிறது, அம்மா. பதில் சொல்வதில்லை, முடக்கிவிடுவேன். முன்பு அரை நாள் மனசு கெட்டுப் போகும். இப்போது கொசுவிரட்டியை இயக்குகிற நேரம்தான் ஆகிறது. கதையைத் திட்டினால் விட்டுவைக்கிறேன், என்னைத் திட்டினால் அழிக்கிறேன். மிரட்டலாக இருந்தால் அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் அதுதான் கேட்பார்கள்.

என்னைப் படுத்தியது வேறு. என் படத்தையும் பெயரையும் வைத்து யாரோ ஒரு போலிக் கணக்குத் தொடங்கி, என் வாசகர்களிடம் "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக 15,000 வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் 5,000 அனுப்பியும் விட்டார். என் கதைகளைப் படித்தவர் அவர். நான் ஒருபோதும் 'அவசரமாக' என்று எழுத மாட்டேன் என்பது தெரிந்திருக்க வேண்டாமா என்று கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி இன்றைக்கே மறைத்துவிடுங்கள். போலிக்காரன் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் பிடிக்கிறான்.

என் நாவலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுகிறது. பெருமைப்படுவதா, புகார் கொடுப்பதா?
– விழுப்புரம் வாசகர்

புகார் கொடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு மூன்று வருடம் வரை சிறை என்கிறது. குழுவை நடத்துகிறவருக்கு இதைச் சொல்லிப் பார்த்தாலே சில நேரம் எடுத்துவிடுவார். என்னிடமே நேரில் பிடிஎஃப் கேட்கிறவர்கள் உண்டு. "வாங்க வசதி இல்லையென்றால் சொல்லுங்கள், புத்தகமே அனுப்புகிறேன்" என்று பதில் எழுதுவேன். இதுவரை மூன்று பேர்தான் சரி என்றார்கள். அதில் ஒரு மாணவர் வேலை கிடைத்த பிறகு விலையை அனுப்பிவைத்தார், தபால் செலவையும் சேர்த்து.

ஃபேஸ்புக்கில் எழுத ஆரம்பித்த பிறகு நாவல் நகரவில்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– நாகர்கோவில் இளைஞர்

காலை ஐந்திலிருந்து ஏழு வரை என் போன் அரிசி டின்னுக்கு மேலே இருக்கும். எடுக்க ஸ்டூல் போட வேண்டும், என் முழங்காலுக்கு ஸ்டூல் ஆகாது. உங்களுக்கு இருபத்தாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முழங்கால் நன்றாக இருக்கும், நீங்கள் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

உங்கள் தெருவுக்குப் பின்தெருவில்தான் இருக்கிறேன். தபால் செலவு எதற்கு, புத்தகத்தை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளலாமா?
– கோவில்பட்டி வாசகி

தாராளமாக வாருங்கள். பத்து மணிக்கு மேல், சனிக்கிழமை தவிர. இரும்பு கேட்டில் கொக்கி உள்பக்கம் இருக்கும், கையை விட்டுத் திறந்துகொள்ளலாம். ஆமாம், நான் போடுகிற எல்லாப் பதிவுக்கும் முதல் ஆளாக மஞ்சள் ரோஜா போடுகிறவர் நீங்கள்தானா? ஐந்து வருடமாகப் பின்தெருவில் இருந்துகொண்டா போட்டீர்கள்?